4கே-வுக்குப் பணம் கட்டுறீங்க... உங்க ஸ்கிரீன்ல ஓடுறது 720பி-யா?



சம்பளம் வந்த அன்னைக்கு ராத்திரி உங்க போன்ல வர்ற மெசேஜ்களை ஒரு தடவை வரிசையா பாருங்க. வாடகை, ஈஎம்ஐ, நெட் பில், அதுக்கு நடுவுல சத்தமே இல்லாம ஒரு ஓடிடி சந்தா. 149, 299, 499, 649னு ஏதோ ஒரு நம்பர். "சரி, படம் பார்க்கத்தானே"ன்னு நாம கடந்து போயிடுவோம்.

இன்னைக்கு நான் கேட்கப்போறது ஒரே கேள்வி. நீங்க எந்தத் தரத்துக்குப் பணம் கட்டுறீங்களோ, அந்தத் தரம் உங்க ஸ்கிரீனுக்கு உண்மையிலேயே வருதா? இதை ஒரு தடவைகூட சோதிச்சுப் பார்க்காதவங்கதான் அதிகம். நானும் சமீபம் வரைக்கும் அந்தக் கூட்டத்துலதான் இருந்தேன்.

முடிச்சூர் மாடி வீட்டுத் தம்பி

நாங்க இருக்கிறது முடிச்சூர்ல. 2015 வெள்ளத்தைப் பார்த்த தெரு. எங்களுக்கு மேல் மாடியில ஒரு தம்பி தனியா குடியிருக்கான். சானடோரியம் மெப்ஸ்ல ஒரு கம்பெனியில வேலை. கைக்கு வர்ற சம்பளம் 28,000. வேலை முடிஞ்சு, தாம்பரத்துல இறங்கி, முடிச்சூர் ரோடு டிராஃபிக்கைத் தாண்டி வீட்டுக்கு வர்றதுக்குள்ள மணி எட்டரை ஆயிடும். சாப்பிட்டுட்டு லேப்டாப்ல ஒரு எபிசோட் பார்க்கிறதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. அதை நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கீழே வந்தான். "அண்ணா, ஒரு நல்ல ரவுட்டர் சொல்லுங்களேன். 4,000 ரூபாய் வரைக்கும் ஓகே"ன்னான்.

"இருக்கிற ரவுட்டருக்கு என்ன ஆச்சு?"

"படம் தெளிவாவே இல்லண்ணா. முகமெல்லாம் மெழுகு பூசின மாதிரி தெரியுது. இருட்டு சீன் வந்தா கட்டம் கட்டமா தெரியுது. நெட் பிளானை ஏத்திப் பார்த்தேன், ஓடிடி பிளானை ஏத்திப் பார்த்தேன், மானிட்டர்கூட புதுசு வாங்கிட்டேன். ஒண்ணும் மாறல."

உட்கார வெச்சுக் கணக்குக் கேட்டேன். நெட் பிளானை ஏத்தினதுல மாசம் 300 ரூபாய் கூடுதல், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா 354. ஓடிடி பிளானை ஏத்தினதுல 300. மானிட்டர் 18,000 ரூபாய், 12 மாசத் தவணை, அதுல மாசம் 1,500. மொத்தம் 2,154 ரூபாய். அவன் சம்பளத்துல 13-ல ஒரு பங்கு, படம் தெளிவா தெரியணும்ங்கிற ஒரே காரணத்துக்காகப் போயிட்டிருக்கு. படமோ தெளியல.

அதைவிடப் பெரிய விஷயம் அடுத்துதான் வந்தது. "அப்போ போஸ்ட் ஆபீஸ் ஆர்டி எப்படிக் கட்டுறே?"ன்னு கேட்டேன். தலையைச் சொறிஞ்சான். மாசம் 2,000 கட்டிட்டிருந்த ஆர்டி. தங்கச்சி படிப்புக்குன்னு அம்மா சொல்லி ஆரம்பிச்சது. மூணு மாசமா கட்டல. அம்மாவுக்கு அது தெரியாது.

அஞ்சல் அலுவலக 5 வருஷ ஆர்டியில நாலு தவணை தவறினா கணக்கு நின்னுடும். அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்குள்ள உயிர்ப்பிக்கலைன்னா அந்தக் கணக்குல மேற்கொண்டு பணம் கட்டவே முடியாது. இவன் மூணாவது தவணையைத் தாண்டி நிக்கிறான்.

ரவுட்டர் பேச்சை அங்கேயே நிறுத்திட்டு, லேப்டாப்பை எடுத்துட்டு வரச் சொன்னேன். படத்தை ஓடவிட்டு, ஸ்கிரீன்ல எத்தனை புள்ளி வருதுன்னு பார்த்தோம். 1280 x 720. அதே படம், அதே நெட், அதே நாற்காலி. பிரவுசரை மட்டும் மாத்தினோம். 1920 x 1080. அவன் முகத்தைப் பார்க்கணுமே!

கோளாறு நெட்லயும் இல்ல, மானிட்டர்லயும் இல்ல. பிரவுசர்ல இருந்திருக்கு. அதைக் கண்டுபிடிக்க 5 நிமிஷம் போதும், ஒரு ரூபாய் செலவு இல்ல.

முதல்ல இந்த நம்பர்களைப் புரிஞ்சுக்கலாம்

720பி, 1080பி, 4கே. இதெல்லாம் படத்துல எத்தனை புள்ளிகள் இருக்குங்கிற கணக்கு, அவ்வளவுதான்.

720பி: 1280 x 720, சுமார் 9.2 லட்சம் புள்ளிகள்.
1080பி: 1920 x 1080, சுமார் 20.7 லட்சம் புள்ளிகள்.
4கே: 3840 x 2160, சுமார் 83 லட்சம் புள்ளிகள்.

அதாவது 720பி-யை விட 1080பி-யில ரெண்டேகால் மடங்கு விவரம். 1080பி-யை விட 4கே-யில சரியா நாலு மடங்கு.

இப்போ உங்க லேப்டாப்பைப் பாருங்க. நம்மில் பெரும்பாலானவங்க வெச்சிருக்கிறது 1366 x 768 இல்லன்னா 1920 x 1080 ஸ்கிரீன். 20.7 லட்சம் புள்ளி மட்டுமே இருக்கிற ஸ்கிரீன்ல 83 லட்சம் புள்ளியைக் காட்ட முடியாது. அரை லிட்டர் சொம்புல ரெண்டு லிட்டர் பாலை வாங்குற கதைதான். மிச்சம் தரையில ஊத்தும், காசு மட்டும் ரெண்டு லிட்டருக்கு.

பூட்டு யார் கையில இருக்கு?

"யூடியூப்ல நம்ம சேனல் வீடியோ எந்த பிரவுசர்லயும் பளிச்னு தெரியுதே, ஓடிடி-யில மட்டும் ஏன் இப்படி?" நியாயமான கேள்வி.

யூடியூப்ல வர்ற சாதாரண வீடியோவுக்குப் பூட்டு கிடையாது. நெட் வேகமும், உங்க கம்ப்யூட்டர் அந்த வீடியோ வடிவத்தைப் பிரிச்சுக் காட்டுற திறனும் இருந்தா போதும். அங்கேயும் ஒரு காலத்துல பிரவுசர் பிரச்சினை இருந்தது. யூடியூப் 4கே-வுக்குப் பயன்படுத்தின விபி9 வடிவத்தை ஆப்பிளோட சஃபாரி ஏத்துக்காததால, 2020-ல் மேக்ஓஎஸ் 11 வர்ற வரைக்கும் சஃபாரியில யூடியூப் 4கே ஓடல. மேக்புக் வெச்சிருந்தவங்களும் குரோமுக்குத்தான் போகவேண்டியிருந்தது.

ஓடிடி கதை வேற. அங்கே படம் பூட்டிய பெட்டியில வருது. அதுக்குப் பேர்தான் டிஆர்எம், அதாவது டிஜிட்டல் உரிமைப் பாதுகாப்பு. பெட்டியைத் திறக்கிற சாவி உங்க பிரவுசர்கிட்ட இருக்கணும். ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு சாவி வெச்சிருக்கு. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டும் பயன்படுத்துறது வைட்வைன். 2010-ல் கூகுள் வாங்கின நிறுவனத்தோடது. எட்ஜ்ல மைக்ரோசாஃப்டோட பிளேரெடி. சஃபாரியில ஆப்பிளோட ஃபேர்பிளே. இந்தச் சாவிகளை பிரவுசரோட இணைக்கிற பொது முறையை, இணையத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பர்ல அதிகாரப்பூர்வமா ஏத்துக்கிச்சு. அதுக்குக் கடும் எதிர்ப்பும் இருந்தது.

சரி, எல்லாமே சாவிதானே, படம் ஏன் மாறுது? சாவியில பலமான சாவி, பலவீனமான சாவின்னு இருக்கு.

வைட்வைனை எடுத்துக்கோங்க. எல்1, எல்2, எல்3னு மூணு நிலை. எல்1-ல பெட்டியைத் திறக்கிறதும் படத்தைப் பிரிக்கிறதும் சிப்புக்குள்ள இருக்கிற பாதுகாப்பான தனி அறையில நடக்கும். வெளியே இருக்கிற எந்த மென்பொருளாலயும் எட்டிப்பார்க்க முடியாது. எல்3-ல எல்லாமே சாதாரண மென்பொருள்லயே நடக்கும். திருடறவனுக்கு அது கொஞ்சம் சுலபம். 2019 ஜனவரியில ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் எல்3 பூட்டை உடைச்சுட்டதா வெளிப்படையாவே சொன்னார்.

சினிமா ஸ்டுடியோக்கள் ஓடிடி-களோட போடுற ஒப்பந்தத்துல இதைத்தான் பார்ப்பாங்க. பலமான பூட்டு இருக்கிற இடத்துக்கு 4கே கொடு, பலவீனமான இடத்துக்குக் குறைஞ்ச தரத்தைக் கொடு. விண்டோஸ் லேப்டாப்ல இருக்கிற குரோம் வழக்கமா எல்3 நிலையிலதான் ஓடும். அதே லேப்டாப்ல எட்ஜ், சிப்போட சேர்ந்து வேலை செய்யுற பிளேரெடியைப் பயன்படுத்த முடியும். அதனாலதான் ஒரே மெஷின்ல ரெண்டு பிரவுசர்ல ரெண்டு தரம்.

நெட்ஃபிளிக்ஸ்ல எந்த பிரவுசருக்கு எவ்வளவு?

இதை வெளிப்படையா உதவிப் பக்கத்துல எழுதி வெச்சிருக்கிறதால நெட்ஃபிளிக்ஸையே உதாரணமா எடுத்துக்கலாம்.

குரோம், ஃபயர்ஃபாக்ஸ்: பல வருஷமா 720பி-தான் உச்சம். பிறகுதான் 1080பி-க்கு உயர்த்தினாங்க. 4கே கிடையாது.

எட்ஜ் (விண்டோஸ்): 4கே வரைக்கும் போகும். ஆனா 4கே ஸ்கிரீன் வேணும், அதுக்கேத்த புது சிப் வேணும், ஹெச்இவிசிங்கிற வீடியோ நீட்சி வேணும், 4கே வர்ற பிளானும் வேணும்.

சஃபாரி (மேக்): மேக்ஓஎஸ் 11-ம் அதுக்கு மேலயும், ஆப்பிளோட டி2 பாதுகாப்புச் சிப் அல்லது எம் வரிசைச் சிப் இருந்தா 4கே வரும்.

இன்னொரு தடையும் இருக்கு: வயர். லேப்டாப்பை வெளி மானிட்டரோட இணைக்கும்போது நடுவுல ஹெச்டிசிபிங்கிற பாதுகாப்பு முறை ஓடும். 4கே-வுக்கு ஹெச்டிசிபி 2.2 வேணும். பழைய மானிட்டரோ, பழைய விஜிஏ கன்வெர்ட்டரோ நடுவுல இருந்தா தரம் இறங்கும், சில சமயம் படமே வராது. சங்கிலியில எந்தக் கண்ணி பலவீனமோ, அந்த அளவுக்குத்தான் படம்.

4கே-வுக்குன்னு பிரீமியம் பிளான் எடுத்துட்டு, குரோம்ல மட்டும் பார்க்கிறவங்க இப்போ புரிஞ்சிருப்பீங்க. நீங்க எவ்வளவு பெரிய பிளான் எடுத்தாலும், எவ்வளவு வேகமா நெட் வெச்சிருந்தாலும், அந்தக் கதவு உங்களுக்குத் திறக்கவே போறதில்ல.

போன்லயும் இதே கதை நடந்திருக்கு

2017-ல வந்த ஒன்பிளஸ் 5 நல்ல விலையுள்ள போன். ஆனா அதுல வைட்வைன் எல்3 மட்டும்தான் இருந்தது, ஓடிடி-யில ஹெச்டி வரல. அடுத்த வருஷம் நிறுவனம் ஒரு தீர்வு சொன்னது: போனை எங்ககிட்ட அனுப்புங்க, எல்1 போட்டுத் திருப்பி அனுப்புறோம்னு. அந்தச் சாவியைச் சாதாரண அப்டேட்டா அனுப்ப முடியாத நிலைமை.

2018 ஆகஸ்ட்ல இந்தியாவுல வந்த போகோ எஃப்1 ஞாபகம் இருக்கா? 20,999 ரூபாய்க்கு ஸ்னாப்டிராகன் 845, எல்லாரும் ஓடி ஓடி வாங்கினாங்க. அதுலயும் எல்1 இல்ல. ஃபுல் ஹெச்டி ஸ்கிரீன் இருந்தும் ஓடிடி படம் குறைஞ்ச தரத்துலதான் ஓடிச்சு. 2019 தொடக்கத்துல அப்டேட் வந்த பிறகுதான் சரியாச்சு.

இதுல நமக்கு என்ன பாடம்? போன் வாங்கும்போது கேமரா, ரேம், பேட்டரின்னு பத்து கேள்வி கேட்கிறோம். ஓடிடி பார்க்கிறவரா இருந்தா "வைட்வைன் எல்1 இருக்கா?"ங்கிற கேள்வியையும் சேர்த்துக்கோங்க. ஏற்கெனவே கையில இருக்கிற ஆண்ட்ராய்டு போன்ல தெரிஞ்சுக்க, நெட்ஃபிளிக்ஸ் ஆப்போட செட்டிங்ஸ்ல பிளேபேக் விவரத்தைத் திறந்தா, எந்த நிலை, அதிகபட்சம் எவ்வளவு தரம்னு அதுலயே இருக்கும்.

தரம்ங்கிறது ஒரு குழாய் மாதிரி. திருகு நம்ம கையில மட்டும் இல்ல. 2020 மார்ச் ஊரடங்கை நினைச்சுப் பாருங்க. நெட்வொர்க் தாங்கணும்னு, இந்தியாவுல இருக்கிற பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து பேசி, மொபைல் நெட்ல தரத்தை 480பி-க்கு மேல போகாம ஏப்ரல் 14 வரைக்கும் நிறுத்தி வெச்சாங்க. நல்ல காரணத்துக்காகத்தான். ஆனா அந்தத் திருகு எங்கே இருக்குங்கிறதை அது நமக்குக் காட்டிடுச்சு.

5 நிமிஷ டெஸ்ட்: இன்னைக்கே செஞ்சு பாருங்க

1. லேப்டாப்ல நெட்ஃபிளிக்ஸ் ஓடும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், டி நாலையும் சேர்த்து அழுத்துங்க. ஸ்கிரீன் மேல எழுத்துகளா விவரம் வரும். அதுல 1280x720, 1920x1080 மாதிரி ஒரு ஜோடி நம்பர் இருக்கும். அதுதான் உங்களுக்கு உண்மையிலேயே வர்ற தரம். ஆரம்பத்துல குறைவா காட்டும், ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்க.

2. அதே படத்தை, அதே காட்சியில, இன்னொரு பிரவுசர்ல ஓடவிட்டு நம்பரை ஒப்பிடுங்க. விண்டோஸ்னா எட்ஜ் ஏற்கெனவே உள்ளேயே இருக்கும். மேக்னா சஃபாரி.

3. யூடியூப்ல வீடியோ மேல ரைட் கிளிக் பண்ணி "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" எடுங்க. யூடியூப்ல 1080பி சுத்தமா ஓடுது, ஓடிடி-யில மட்டும் மங்கலா இருக்குன்னா, சந்தேகப்பட வேண்டியது நெட்டை இல்ல. பூட்டைத்தான்.

4. லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ வயர்ல டிவியோட இணைச்சுப் பார்க்கிறவங்க, ஒரு தடவை டிவியிலேயே இருக்கிற ஆப்பைத் திறந்து பாருங்க. வயர் வழியா போறப்போ உங்க பிரவுசரோட வரம்புதான் டிவிக்கும். டிவி ஆப்புக்குத் தனிச் சாவி இருக்கு. ஸ்மார்ட் டிவியை வீட்டுல வெச்சுக்கிட்டே லேப்டாப் வழியா மங்கலா பார்க்கிறவங்க எத்தனையோ பேர்!

ஒரு எச்சரிக்கை. "இதைப் போட்டா எந்த பிரவுசர்லயும் 1080பி"ன்னு சொல்ற எக்ஸ்டென்ஷன்கள் கிடைக்கும். நான் போட மாட்டேன். அப்படிப்பட்ட பல எக்ஸ்டென்ஷன்கள், நீங்க திறக்கிற பக்கங்கள்ல இருக்கிறதைப் படிக்கவும் மாத்தவும் அனுமதி கேட்கும். அதே பிரவுசர்லதான் நீங்க நெட் பேங்கிங்கும் திறக்கிறீங்க. படத்துக்கு ஆசைப்பட்டு பேங்க் சாவியைக் கொடுத்துடாதீங்க. டெலிகிராம்ல 50 ரூபாய்க்கு விக்கிற "பிரீமியம் அக்கவுண்ட்"டுக்கும் இதே பதில்தான்.

சரி, எந்த பிளான் யாருக்கு?

2021 டிசம்பர்ல நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுல விலையைக் குறைச்சு அறிவிச்ச பிளான்கள் இவை:

மொபைல்: 149 ரூபாய், 480பி, போன் அல்லது டேப்லெட்ல மட்டும்.
பேசிக்: 199 ரூபாய், அப்போ 480பி, பிறகு 720பி, ஒரு ஸ்கிரீன்.
ஸ்டாண்டர்ட்: 499 ரூபாய், 1080பி, ரெண்டு ஸ்கிரீன்.
பிரீமியம்: 649 ரூபாய், 4கே, நாலு ஸ்கிரீன்.

ஜியோஹாட்ஸ்டார் 2025 பிப்ரவரி 14-ல் தொடங்கினபோதும் இதே அமைப்புதான். மொபைல் பிளானுக்கு 720பி, சூப்பர் பிளானுக்கு 1080பி, பிரீமியத்துக்கு 4கே. விலைகள் மாறிக்கிட்டே இருக்கும், அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி இன்னைய விலையை ஆப்லயே பார்த்துக்கோங்க. நாம இங்கே கத்துக்க வேண்டியது கணக்குப் போடுற முறையை.

முறை ரொம்ப எளிது. மூணு நம்பர் எழுதுங்க: பிளான் தர்ற தரம், பிரவுசர் அல்லது ஆப் அனுமதிக்கிற தரம், ஸ்கிரீன் காட்டக்கூடிய தரம். மூணுல எது சின்னதோ அதுதான் உங்க கண்ணுக்கு வரும். அதுக்கு மேல கட்டுற ஒவ்வொரு ரூபாயும் உபயம்.

தனியா, 768 வரிசை இருக்கிற லேப்டாப்ல பார்க்கிறவரா? 720பி-யே உங்க ஸ்கிரீனுக்குக் கிட்டத்தட்ட முழுசு. 199 போதும். 649 கட்டுறீங்கன்னா மாசம் 450 வீண். வருஷத்துக்கு 5,400.

ஃபுல் ஹெச்டி லேப்டாப், தெளிவு முக்கியம்னா? 1080பி பிளான், அதுக்கேத்த பிரவுசர். 4கே வேண்டாம்.

வீட்டுல 4கே டிவி, அம்மா அப்பா தம்பி எல்லாரும் பார்க்கிறாங்கன்னா? பிரீமியம் நியாயமான செலவுதான். டிவி ஆப்ல பாருங்க.

ஒரே வீட்டுல நாலு பேர் ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்களா? 649-ஐ நாலால வகுத்தா ஆளுக்கு 162 ரூபாய் சொச்சம். மொபைல் பிளானை விடக் கொஞ்சம்தான் கூட. ஆனா ஒண்ணு, 2023 ஜூலையில இருந்து இந்தியாவுல ஒரு கணக்கு ஒரே வீட்டுல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். ஊர்ல இருக்கிற ஃபிரெண்டோட பங்கு போட்டுக்கிற காலம் முடிஞ்சது.

அந்த 450 ரூபாய் சின்னத் தொகைதானேன்னு தோணும். மாசாமாசம் 450-ஐ 10 வருஷம் போட்டா, நீங்க கட்டுறது 54,000. வருஷத்துக்கு 10 சதவீதம் வளரும்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்கிட்டா, சுமார் 93,000. அந்த வளர்ச்சிக்கு யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஆனா அந்த 54,000 வீணாப் போகாதுங்கிறதுக்கு நீங்களே உத்தரவாதம் கொடுக்கலாம்.

நெட் வேகத்தை ஏத்துறதுக்கு முன்னாடி

நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கிற வேகம் இதுதான்: 720பி-க்கு 3 எம்பிபிஎஸ், 1080பி-க்கு 5, 4கே-வுக்கு 15. ஆமா, வெறும் 15. 30 எம்பிபிஎஸ் இணைப்பு ஒழுங்கா வந்தாலே ஒரு 4கே படமும் பக்கத்து ரூம்ல இன்னொருத்தர் வீடியோ காலும் தாங்கும். 100, 150, 200 எல்லாம் பெரிய குடும்பத்துக்கும், பெரிய ஃபைல் இறக்குறவங்களுக்கும்தான். 30 போதும்ங்கிற வீட்டுல 100 வாங்கினா படம் தெளியாது, பில்தான் ஏறும். பிராட்பேண்ட் விலைக்கு மேல 18 சதவீத ஜிஎஸ்டி தனின்னு மறந்துடாதீங்க. விளம்பரத்துல 799னு போட்டிருந்தா உங்க கையிலிருந்து போறது 942 ரூபாய் 82 காசு.

மொபைல் டேட்டாவுல பார்க்கிறவங்களுக்கு இன்னொரு கணக்கு. சாதாரண தரத்துல ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரைக்கும், ஹெச்டி-யில 3 ஜிபி வரைக்கும், 4கே-யில 7 ஜிபி வரைக்கும் போகும். தினம் 2 ஜிபி பேக்ல ஹெச்டி படம் இடைவேளை வரைக்கும்கூட வராது. தாம்பரத்துல இருந்து பீச் போற ட்ரெயின்ல, ஆறு இஞ்ச் ஸ்கிரீன்ல பார்க்கிறதுக்கு 480பி தாராளம்.

ஆட்டோபே-யைத் திறந்து பாருங்க

பெரிய பிளானை நாம ஏன் குறைக்காமலே விட்டுடறோம்? பணம் தானா போறதால. தானா போற பணம் வலிக்காது.

இதுக்கு ரிசர்வ் வங்கி நமக்கு ஒரு கைப்பிடி கொடுத்திருக்கு. 2021 அக்டோபர் 1-லிருந்து, தொடர் சந்தா பிடிக்கிறதுக்குக் குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்குத் தகவல் வரணும். 2022 ஜூன்ல இருந்து 15,000 ரூபாய் வரைக்கும் ஒவ்வொரு முறையும் ஓடிபி இல்லாமலே பிடிக்கலாம். அதனால அந்த முன்னறிவிப்பு மெசேஜ்தான் உங்களுக்கு இருக்கிற ஒரே மணி. அதை விளம்பர மெசேஜ்னு நினைச்சுத் தள்ளிடாதீங்க. உங்க யூபிஐ ஆப்ல ஆட்டோபே பகுதிக்குப் போனா, எதெதுக்கு அனுமதி கொடுத்திருக்கீங்கன்னு முழுப் பட்டியலும் இருக்கும். நிறுத்துறதுக்கான பட்டனும் அங்கேயே இருக்கும். கார்டுல கொடுத்திருந்தா பேங்க் ஆப்ல பாருங்க.

சேருறதுக்கு ஒரே கிளிக், விலகுறதுக்கு ஒன்பது வாசல்னு ஒரு சேவை வெச்சிருந்தா, 2023 நவம்பர்ல மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு விதிகள்ல அதுக்கு "சந்தாப் பொறி"ன்னே ஒரு தனி இடம் இருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பயன்படுத்துங்க.

தம்பி என்ன பண்ணினான்?

அன்னைக்கே நெட் பிளானைப் பழைய அளவுக்குக் குறைக்கச் சொல்லிப் பதிவு பண்ணினான். ஓடிடி பிளானை ஒரு படி இறக்கினான். மாசம் 654 ரூபாய் திரும்பக் கைக்கு வந்தது. ரவுட்டருக்குன்னு எடுத்து வெச்சிருந்த 4,000 ரூபாயோட இன்னும் கொஞ்சம் சேர்த்து, திங்கக்கிழமை அரை நாள் பெர்மிஷன் போட்டுட்டு, போஸ்ட் ஆபீஸ் போய் பாக்கி மூணு தவணையையும் கட்டினான். தவறின தவணைக்கு 100 ரூபாய்க்கு 1 ரூபாய்ங்கிற கணக்குல அபராதம். அது பெரிய தொகை இல்ல. ஆனா கணக்கு பிழைச்சுது.

மானிட்டர்? அதைத் திருப்பிக் கொடுக்க முடியல. இன்னும் 9 தவணை பாக்கி. "எக்செல் ஷீட் நல்லா பெருசா தெரியுதுண்ணா"ன்னு சொல்லிச் சமாளிச்சுக்கிறான். எல்லாத் தப்புக்கும் முழுப் பணம் திரும்ப வராது. அடுத்த தப்பு நடக்காம இருந்தா போதும்.

அம்மாகிட்ட சொன்னியான்னு கேட்டேன். "பாஸ்புக்கை போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்ணா. ஏன் மூணு மாசமும் ஒரே தேதின்னு கேட்டாங்க. பொங்கலுக்கு ஊருக்கு வர்றப்போ சொல்றேன்னுட்டேன்"னான்.

நான் அவன்கிட்ட சொன்னதை உங்களுக்கும் சொல்லி முடிச்சுக்கிறேன். வீட்டுல ஒரு பொருள் சரியா வேலை செய்யலைன்னா நம்ம கை முதல்ல பர்ஸுக்குத்தான் போகுது. பெரிய பிளான், புது மெஷின், வேகமான நெட். அதுக்கு முன்னாடி ஒரு 5 நிமிஷம், கோளாறு எங்கே இருக்குன்னு அளந்து பாருங்க. அளக்கிறதுக்குக் காசு இல்ல. அளக்காம வாங்குறதுக்குத்தான் காசு.

இன்னைக்கு ராத்திரி படம் பார்க்க உட்காரும்போது அந்த நாலு பட்டனை அழுத்திப் பாருங்க. என்ன நம்பர் வந்தது, எந்த பிரவுசர், எவ்வளவு கட்டுறீங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த வாரம் நம்ம சேனல்ல இதையே லைவா செஞ்சு காட்டுறேன், உங்க நம்பர்களையும் வெச்சுப் பேசலாம்.